பினாங்கு பத்து மாவுங்ல போட் ட்ரிம் பழகுறோம்: மூக்க ஏத்துறதும் எறக்குறதும்

ஸ்பீட ஏத்தி எறக்குற த்ராட்டில் ஓரளவு கைக்கு வந்துடுச்சு, அதனால இந்த மாசம் முழுக்க கட்டவிரலுக்கு தான் வேல. போட் அண்ணனோடது, 19 அடி ஃபைபர், நடுவுல கன்சோல், பின்னாடி யமஹா 115 ஃபோர் ஸ்ட்ரோக். த்ராட்டில் கைப்பிடியில ஒரு சின்ன பட்டன் இருக்கும், அது தான் ட்ரிம், மேல அமுக்குனா ப்ரொப்பல்லர் இருக்குற இன்ஜின் கால் போட்ட விட்டு வெளிய தள்ளும், மூக்கு ஏறும், கீழ அமுக்குனா உள்ள வரும், மூக்கு எறங்கும். அவ்வளவு தான் லா, ஆனா நம்ம பசங்க பாதி பேர் போட் கட்டுற துறைக்கு வந்தப்புறம் இன்ஜின தூக்குறதுக்கு மட்டும் தான் அத தொடுறாங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி இன்ஜின நிறுத்துற கில் சுவிட்ச் கயிற லைஃப் ஜாக்கெட்ல மாட்டிடணும், இதுல பேச்சே கெடையாது. ஓட்டுறவன் தண்ணில விழுந்தா போட் நேரா போயிடும்னு நெனைக்காதீங்க, ஸ்டீரிங் தானா ஒரு பக்கம் திரும்பி வட்டம் போட ஆரம்பிச்சுடும், விழுந்தவன் தலை இருக்குற எடத்துக்கே ப்ரொப்பல்லரும் வரும். அப்புறம் இன்ஜின கூலாக்கிட்டு பின்னாடி பீச்சுற தண்ணி ஒழுங்கா வருதான்னு ஒரு பார்வ, நம்ம பக்கம் சேறும் பிளாஸ்டிக் பையும் தான் ஜாஸ்தி.

கெளம்பும்போது ட்ரிம் முழுசா உள்ள. த்ராட்டில தள்ளுனதும் மூக்கு கொஞ்சம் தூக்கும், உடனே போட் தன் அலை மேலயே ஏறி படுத்துடும், அது தான் பிளேன். அதே வேலைய ட்ரிம் வெளிய இருக்கும்போது செஞ்சு பாத்தோம், மூக்கு வானத்த பாத்துக்கிட்டே நிக்குது, முன்னாடி ஒண்ணும் தெரியல. வலை, கம்பு, சம்பான் படகுன்னு நெறஞ்சு கெடக்குற தண்ணில அந்த சில செகண்டு குருட்டாட்டம் ஓட்டுறது எனக்கு சுத்தமா புடிக்கல.

பிளேன் ஆனப்புறம் தான் வெளிய தள்ளணும், அதுவும் டக் டக்னு தட்டி தட்டி. த்ராட்டில 4000 ஆர்பிஎம்ல வச்சுட்டு கைய அசைக்காம பட்டன மட்டும் தட்டிப் பாத்தேன், ஆர்பிஎம் தானா 4200 கிட்ட ஏறுது, ஜிபிஎஸ்ல 22 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தது 24 ஆகுது. போட்டோட அடிவயிறு தண்ணிய ஒரசுறது கொறையுது, அதான் காரணம். மீட்டர பாக்காமலேயே இத கண்டுபிடிக்கலாம், சைடுல தெறிக்கிற தண்ணி முன்னாடியிலேர்ந்து பின்பக்கமா நகந்து போகும், ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு கனமா இருந்த ஸ்டீரிங் லேசாயிடும். இன்னும் தட்டுனா மூக்கு மேலயும் கீழயும் குதிக்க ஆரம்பிக்கும், ரெண்டு தட்டு உள்ள விட்டா நின்னுடும். "மீட்டர பாக்காத தம்பி, இன்ஜின் சத்தத்த கேளுடா"ன்னு அண்ணன் பக்கத்துல உக்காந்து ஒரே பாட்டு.

வளைவுல தான் மேட்டரே இருக்கு. ட்ரிம் வெளிய இருக்கும்போதே ஒடிச்சு திருப்புனா ப்ரொப்பல்லர் மேலேர்ந்து காத்த இழுத்துடும், இன்ஜின் கத்தும், தள்ளு இருக்காது, திரும்பவேண்டிய எடத்துல போட் வழுக்கிக்கிட்டு போகும். அதனால மொதல்ல கொஞ்சம் உள்ள, அப்புறம் திருப்பு. ட்ரிம்னா ஸ்பீடுக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, என்னக் கேட்டா போட் நம்ம பேச்ச கேக்குறதுக்கு தான் அது, ஸ்பீடு சும்மா கூட வர்றது.

பினாங்கு ரெண்டாவது பாலம், 2014ல தெறந்தாங்களே, கடல் மேல மட்டும் 16.9 கிலோமீட்டர், அந்தப் பக்கம் காத்து ஒரு தெசையிலயும் தண்ணி ஓட்டம் எதிர் தெசையிலயும் வந்தா குட்டி குட்டியா செங்குத்தா அலை எழும்பும். எதுத்துப் போகும்போது மூக்க எறக்குனா வி வடிவம் இருக்குற முன்பக்கம் அலைய வெட்டும், முதுகு தப்பிக்கும். புலாவ் கெண்டி தீவு பக்கம் போயிட்டு அலை பின்னாடியிலேர்ந்து தள்ள திரும்பி வரும்போது கத அப்படியே தலைகீழ், மூக்கு கீழ இருந்தா முன்னாடி போற அலையோட முதுகுல குத்திடும், பின்பக்கம் சட்டுனு சுத்தப் பாக்கும், ரொம்ப டேஞ்சர். அங்க மூக்கு கொஞ்சம் மேல, த்ராட்டிலும் அலைய தாண்டி ஓடாத அளவுக்கு. இது எனக்கு இன்னும் யோசிச்சு தான் வருது, கை தானா போகல.

எதுக்க போட் வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும், குறுக்க வந்தா நமக்கு வலப்பக்கம் இருக்குறவனுக்கு வழி விடணும், 1972 கடல் விதியில இருக்குறது தான். வலை போட்டுக்கிட்டு இருக்குற பாக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்) நகர மாட்டார், விதிப்படியும் நாம தான் ஒதுங்கணும். சம்பான்கிட்ட வந்தப்புறம் பாதி ஸ்பீடுக்கு கொறைக்கிறது மரியாதன்னு சில பேர் நெனைக்கிறாங்க, உண்மையில பிளேன்லேர்ந்து பாதி எறங்குன நெலையில தான் போட் பெரிய அலைய கெளப்பும். ரொம்ப தள்ளியே எறக்கி ஊர்ந்து போயிடணும், அதுவும் மெல்ல மெல்ல, சட்டுனு த்ராட்டில கொறைச்சா நம்ம அலையே பின்பக்கமா ஏறி உள்ள வந்துடும்.

காலையில கெளம்புறவங்களுக்கு ஒண்ணு, தென்மேற்கு பருவத்துல விடியக்காலைல சுமாத்ரா காத்துன்னு திடீர்னு பலமான காத்து வரும், பத்து மாவுங்லேர்ந்து மேக்கால பாத்தா மலை மறைக்குது, கறுத்துக்கிட்டு வர்றது தெரியாது, வானிலை இலாகா மெட்மலேசியாவோட ராடார பாத்துட்டு தான் கயித்த அவுக்குறோம்.

இன்னும் பாக்காதது வெயிட். இதுவரைக்கும் நானும் அண்ணனும் மட்டும் தான். ஒரே பக்கம் மூணு பேர் உக்காந்து போட் சாஞ்சா இந்த பட்டனால ஒண்ணும் செய்ய முடியாது, ஆள தான் மாத்தி உக்கார வைக்கணும், சாய்வ சரி பண்ற ட்ரிம் டேப் (பின்பக்க ரெண்டு ஓரத்துலயும் மாட்டுற தகடு) இந்த போட்ல இல்ல. அடுத்த வாட்டி ஐஸ் பெட்டிய நெரப்பி மொதல்ல முன்னாடி வச்சு, அப்புறம் பின்னாடி வச்சு, அதே 4000ல எத்தன நாட் வருதுன்னு எழுதி வச்சுக்கலாம்னு இருக்கேன்.