ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் வந்த சத்தம்

ஏற்காடு மலைப்பாதையில்தான் அந்தச் சத்தம் தெளிவாகக் காதில் விழுந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பானட்டுக்குள் 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று சீறியது. காலை எடுத்தால் சட்டென்று நின்றது. இழுவையும் குறைந்திருந்தது. எப்போதும் மூன்றிலேயே ஏறும் மேட்டுக்கு இரண்டாவது கியர் கேட்டது. பின்னால் பைக்கில் வந்த தம்பி, "கரும்புகையா தள்ளுதுண்ணா" என்றான். 1.5 லிட்டர் டர்போ டீசல் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. இதுவரை எங்கேயும் நின்றதில்லை.

பட்டறைக்குப் போகும் முன் சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்த்துக்கொள்வது என் வழக்கம். கீழே இறங்கி, காலியாக இருந்த சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் போனேன். அதே வேகத்தில் மூன்றுக்கு மாற்றினேன். சத்தம் மாறியது. வீல் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வந்தால் வேகத்தோடுதான் ஒட்டிக்கொண்டு வரும், கியரை மாற்றினாலும் அப்படியே இருக்கும். அடுத்து கிளட்சை மிதித்து வண்டியை உருள விட்டேன். சத்தமே இல்லை. ஆக, இன்ஜின் பக்கம்தான். 1,800 ஆர்பிஎம்மைத் தாண்டி, வண்டி சுமையை இழுக்கும்போது மட்டும் வருகிறது. டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அது காற்றைத் தள்ள ஆரம்பிக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் முறுக்கிப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. அப்படியும், "டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாதபோது எரியும் டீசல் கொஞ்சம்தான், டர்போவைச் சுழற்றும் புகையின் விசையும் குறைவு. காற்றழுத்தம் பெரிதாக ஏறாது. சுமையில் வரும் சத்தத்தைத் தேட வேண்டுமானால் மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரத்தான் வேண்டும். வர முடியாது என்றால் வேறு ஆளைப் பார்ப்பதே நல்லது.

டர்போவின் பேரிங் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வேறு அடையாளங்கள் இருக்கும். சைரன் மாதிரி ஊளை கேட்கும், நீலப்புகை வரும், ஆயில் குறையும். என் வண்டியில் ஆயிலை அளக்கும் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கவே இல்லை.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைகளைப் படிக்கும் சின்ன ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் கையில் இருந்தது, அதை மாட்டினேன். பி0299 என்ற பிழைக் குறியீடு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை என்று அதற்குப் பொருள். டர்போ கெட்டது என்று அந்தக் குறியீடு சொல்லாது. அழுத்தம் உருவாகவில்லையா, உருவான அழுத்தம் வழியில் ஒழுகுகிறதா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் 98 கிலோபாஸ்கல் என்று ஸ்கேனர் காட்டியது, அது வெளிக்காற்றின் அழுத்தம்தான். நல்ல ஏற்றத்தில் முழுதாக மிதித்தும் 140-ஐத் தாண்டவில்லை.

லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரியில் ஒரு பெரியவரிடம் போனேன். டர்போ வண்டிகளிலேயே காலம் கழித்தவர். விஷயத்தைச் சொன்னதும், "ஓட்டுங்க தம்பி, கேப்போம்" என்று ஏறி உட்கார்ந்தார். சத்தம் வந்த உடனே, "இது ஹோஸ்" என்றார், டர்போ அழுத்தும் காற்று போகும் ரப்பர் குழாயைச் சொன்னார். இருந்தாலும் சந்தேகம் வைக்கக்கூடாது என்று ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். குறுக்குவாட்டில் லேசாக ஆடலாம், முன்னும் பின்னும் இழுத்தால் ஆடக்கூடாது. ஆடவில்லை.

அப்புறம், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். துணியில் கறுப்பாக ஆயில் ஒட்டியது. குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மேலே சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஒன்றும் தெரியவில்லை. விடாமல் ஹோஸைக் கையால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி, நீளவாக்கில் ஒரு கோடு வாய் திறந்தது. குமிழிகள் பொங்கின. கையை விட்டதும் மூடிக்கொண்டது.

காரணம் ஹோஸில் மட்டும் இல்லை. இன்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும் கீழ் மவுண்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தது. அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் சாய்ந்து ஹோஸை இழுத்திருக்கிறது. உள்ளே வரும் ஆயில் ஆவியில் ஊறி மெத்தென்று ஆகியிருந்த ரப்பர், அந்த இழுப்பில் கிழிந்துவிட்டது. கரும்புகைக்கும் இதே விளக்கம்தான். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு கிழிசல் வழியாக வெளியே போய்விட, டீசல் மட்டும் முழு அளவில் வந்து எரியாமல் புகைந்திருக்கிறது.

ஹோஸ், இரண்டு கிளாம்ப், மவுண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது. ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு மவுண்ட்டை விட்டிருந்தால் புதுசும் அதே இடத்தில் போயிருக்கும் என்றார் பெரியவர். ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் இப்போது ஸ்கேனரில் 200-க்கு மேல் வருகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிளாம்ப்பை ஒருமுறை இறுக்கச் சொன்னார், இறுக்கியாயிற்று. பிழைக் குறியீட்டை அழித்துவிட்டேன், திரும்ப வரவில்லை.