பழைய எச்61 போர்டுல ஐ7 போட்டாச்சு

நம்ம வீட்டு டெஸ்க்டாப் 2011 காலத்து ஆளு. எச்61 மதர்போர்டு, பென்டியம் ஜி620 ப்ராசஸர், ரெண்டே கோர். எஸ்எஸ்டி போட்டு ராமையும் 8 ஜிபி ஆக்கியாச்சு, ஆனாலும் தங்கச்சி ஜூம் க்ளாஸ்ல இருக்கும்போது பக்கத்துல ஒரு பிடிஎஃப் திறந்தா போதும், டாஸ்க் மேனேஜர்ல சிபியு (ப்ராசஸர்தான்) 100 சதவீதத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்.

எல்லாரும் புது சிஸ்டமே வாங்கிடுன்னாங்க. புது ப்ராசஸர்னா போர்டு மாத்தணும், போர்டு மாத்துனா இந்த டிடிஆர்3 ராம் அதுல ஏறாது, செலவு இழுத்துக்கிட்டே போகும். ஆனா நம்ம போர்டுல ப்ராசஸர் உட்காருற அதே 1155 சாக்கெட்டுக்கு 2012-ல வந்த ஐ7-3770 இருக்கு, 4 கோர் 8 த்ரெட், ஆபீஸ் பிசில இருந்து கழட்டுனது செகண்ட்ஸ்ல கிடைக்குது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில "போர்டுல போட்டு ஓட்டிக் காட்டுங்கண்ணே"ன்னு கேட்டு, ஸ்க்ரீன்ல பேரு வந்தப்புறம்தான் காசு குடுத்தேன்.

இதுல பெரிய விஷயமே பயாஸ்தான், அதாவது சிஸ்டம் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, போர்டுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர். ஜி620 சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, 3770 அதுக்கு அடுத்த ஐவி பிரிட்ஜ் தலைமுறை, பயாஸ் பழசா இருந்தா புது ப்ராசஸர அதுக்கு அடையாளமே தெரியாது, டிஸ்ப்ளே வராது. அதனால பழைய பென்டியம் உள்ள இருக்கும்போதே போர்டு கம்பெனி சைட்டுல சிபியு சப்போர்ட் லிஸ்ட்ட பாத்து, எந்த வெர்ஷன் வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு, பென்டிரைவ்ல போட்டு அப்டேட் பண்ணிடுங்க, நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டே போயிடும், யுபிஎஸ் இல்லாம தொடவே தொடாதீங்க.

கழட்டி மாட்டுறது சுலபம். இந்த சாக்கெட்டுல பின் எல்லாம் போர்டு பக்கம் இருக்கு, விரல் படவே கூடாது. ஓரத்துல இருக்குற ரெண்டு வெட்டையும் பொருத்தி சும்மா வச்சா தானா உட்காரும், லிவர அமுக்கும்போது கறகறன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. ப்ராசஸர் சூட்ட கூலருக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட் பச்சைப்பயறு அளவு போதும். கூலரோட நாலு காலையும் குறுக்குக்குறுக்கா அமுக்குங்க. ஜி620 65 வாட், இது 77, அதனால நான் நடுவுல செம்பு வச்ச கூலரா பாத்து வாங்கிட்டேன்.

எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்தது ராம். நான் போட்டிருந்தது 1600 ஸ்பீடு ராம், ஆனா ஜி620-ல 1066-லதான் ஓடிச்சு, ஏன்னா ராம் கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளதான் இருக்கு. இப்ப பயாஸ்ல 1600-னு காட்டுது!

விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் அதிகாரப்பூர்வ சப்போர்ட், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட முடிஞ்சது, அதனால விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஓஎஸ் போட்டுட்டேன். ஜூம் அதுலயும் நல்லாவே ஓடுது.