டேங்க் எத்தனை லிட்டர்?

ஜூலை 18

ஆடி பிறந்து ரெண்டாம் நாள். ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்வது என் வேலை. பென்னாகரம் பக்கம் ஒரு அண்ணன் கொல்லையில் மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம். படைப்புழுதான். 2018இல் இந்தப் புழு நம் நாட்டில் முதலில் தென்பட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன், நெற்றியில் தலைகீழ் 'ஒய்', வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி என்று அப்போது படித்ததையே இன்றைக்கும் ஒப்பித்தேன். அண்ணன் புழுவை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "கவட்டையைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குது, பின்னாடி கட்டில் கால் மாதிரி நாலு" என்றார். இனிமேல் எல்லாரிடமும் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

எமாமெக்டின் பென்சோயேட் என்கிற பூச்சிக்கொல்லியை, முதுகில் மாட்டுகிற தெளிப்பான் டேங்குக்கு 4 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு குருத்துக்குள் இறங்கும்படி அடிக்கச் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 26

அந்தக் கொல்லைக்கு மறுபடி போனேன். புழு சாகவில்லை, குருத்தில் நன்றாகக் கொழுத்து உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் என்னிடம் கோபமாகப் பேசவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அடிச்சோம் மேடம், கேக்கல. அப்புறம் கடையில கேட்டு ரெண்டு மருந்து கலந்து அடிச்சேன், அதுவும் கேக்கல" என்றார், அவ்வளவுதான்.

மருந்து கலந்து ஊற்றியது அவர் வீட்டு அக்கா. அன்றைக்கு நான் பேசியபோது அவர் கொல்லையின் மறு கோடியில் களை எடுத்துக்கொண்டிருந்தார், நான் கூப்பிடக்கூட இல்லை. இன்றைக்கு அவரிடம் கேட்ட பிறகுதான் எல்லாம் புரிந்தது. நான் 4 கிராம் சொன்னது 10 லிட்டர் டேங்குக்கு, புத்தகத்தில் லிட்டருக்கு 0.4 கிராம் என்று இருப்பதை மனக்கணக்கில் பத்தால் பெருக்கிச் சொன்னேன். அவர்கள் வைத்திருப்பது பேட்டரி டேங்க், 16 லிட்டர். அதற்கு 6.4 கிராம் வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகப் போட்டிருக்கிறார்கள், நான் சொன்னபடியே! அதோடு, அக்கா நூறு நாள் வேலைக்குப் போய் வர வேண்டியிருந்ததால் சாயங்காலம் அடிக்க முடியவில்லை, பதினோரு மணி வெயிலில் அண்ணன் மட்டும் இலை மேலே அடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

தப்பு என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ரெண்டு பேரும் நின்று கேட்டார்கள். அக்கா, "அதுக்கென்ன சாமி, இப்ப சரியா சொல்லிட்டுப் போ" என்றார்.

ஜூலை 27

பையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு காலை ஆறரைக்கே போய்விட்டேன். கையுறை போட்டுக்கொண்டு 6.4 கிராமை நிறுத்து, அந்தப் பாக்கெட்டுக்கென்றே ஒதுக்கிய ஒரு மூடியில் கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டோம். கோடு போட்டது அக்கா. அப்புறம் அவரையே வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு வரிசை அடித்துக் காட்டச் சொன்னேன். நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடிக்க அவருக்கு ரெண்டே செடி போதுமானதாக இருந்தது, அண்ணனைவிடக் கை நிதானம்.

ஒரு வருஷமாக "சரிங்க மேடம்" என்பதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பல நேரம் அதற்கு அர்த்தம் 'நீங்க கிளம்பலாம்' என்பதுதான், மரியாதையாகச் சொல்கிறார்கள். இப்போது அந்த வார்த்தை வந்ததும் மூன்று கேள்வி கேட்கிறேன்: யார் அடிக்கப் போறீங்க, டேங்க் எத்தனை லிட்டர், என்றைக்கு எத்தனை மணிக்கு. பதில் தடுமாறினால் நான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 6

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஓய்வு பெற்ற அலுவலர், எண்பதுகளில் 'டி அண்ட் வி' என்கிற பயிற்சி, பார்வையிடல் திட்டம் நடந்த காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உலக வங்கி உதவியோடு வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை, குறித்த கிழமையில் குறித்த ஊரில் ஆள் நிற்க வேண்டும், அந்த ஊரில் தேர்ந்தெடுத்த சில விவசாயிகளிடம் சொன்னால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்று ஏற்பாடு. சொன்னது எல்லாருக்கும் பரவவில்லை, வசதியான வீட்டுத் திண்ணையோடு நின்றுபோனது என்பதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார், "என்ன கிழமைன்னு ஊருக்குத் தெரியும்மா. சைக்கிள் சத்தம் கேட்டா செடியப் புடுங்கிக்கிட்டு வருவாங்க." எனக்கு இப்போது இருக்கிற ஊர்களின் எண்ணிக்கைக்குப் பதினைந்து நாள் கணக்கு ஆகாது. மாதத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு ஊருக்கும் நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளலாம். அரசின் உழவன் செயலியில் நூறு விஷயம் இருக்கலாம், ஆனால் பிடுங்கின செடியோடு வருகிறவருக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 15

கிராம சபை. எனக்கு ஐந்து நிமிஷம். தண்ணீர்த் தொட்டி, தெரு விளக்கு, வீட்டுப் பட்டா என்று ஜனங்கள் ஆயிரம் கவலையோடு உட்கார்ந்திருக்கிறபோது மைக்கில் விதை நேர்த்தி பேசினேன். யாரும் கேட்கவில்லை, கேட்காததில் அவர்கள் மேல் தப்பில்லை. கூட்டம் கலைந்த பிறகு புளிய மரத்தடியில் ஒரு பாட்டி, ராகிக்கு நடுவே விடுகிற அவரைச் சால் அடர்த்தியாகப் போனதா என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம், உண்மையில் பாதி நேரம் பாட்டிதான் பேசினார்.

ஆகஸ்ட் 19

நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கு, கஞ்சி குடிக்கிற நேரத்தில், பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு போனேன். நாற்பது பெண்கள் இருப்பார்கள். மருந்து கலக்குகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், நாங்கள் இவ்வளவு நாள் டீக்கடையில் ஆண்களிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

காலி மருந்து டப்பாக்களை வைத்து, விஷத்தின் கடுமையைச் சொல்கிற முக்கோண நிறம் மட்டும் காட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு இருப்பதிலேயே கொடியது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் இது போதும். 'மருந்து' என்றே எல்லாரும் சொல்கிறோம், நானும்தான். ஒரு அக்கா, "மருந்துன்னா ஒடம்புக்கு நல்லதுன்னுதானே தோணும், வெசம்னு சொல்லுங்க" என்றார். அதே கையோடு சோற்றில் கை வைக்கிற பழக்கத்தைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் அவர்களே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3

மண் பரிசோதனை அட்டை கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் போன தடவை கொடுத்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். படித்துப் பார்க்கவில்லை. ஹெக்டேருக்குத் தழைச்சத்து இத்தனை கிலோ என்றால் அவர் என்ன செய்வார்? உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மானாவாரி ராகிக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 16 கிலோ. யூரியாவாக 35 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவையும் அட்டையின் பின்பக்கம் 'ஏக்கருக்கு முக்கால் மூட்டை, பாதி அடியில், பாதி மழைப் பதம் பார்த்து மேலே' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். இதுவரை ஒன்றரை மூட்டை போட்டுக்கொண்டிருந்தாராம்.

அட்டையை அடிக்கும்போதே மூட்டைக் கணக்கில் அடித்தால் என்ன என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும். அதுவரை பேனா இருக்கிறது.

செப்டம்பர் 21

புரட்டாசி முதல் சனி. ஊர் முழுக்கக் கோவிலில் இருக்கும், யாரும் கிடைக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் இந்த ஊருக்கு நான் சொன்ன தேதி இதுதான் என்பதால் போனேன். மக்காச்சோளத்து அக்கா வரப்பில் காத்திருந்தார். கதிர் பிடித்துவிட்டது, முதலில் கடித்த வரிசைகளில் மட்டும் கொஞ்சம் சின்னது. அவர் காட்ட வந்தது அதையல்ல. புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த மூன்று ராகிக் கதிர்களை எடுத்தார், கழுத்து கறுத்து, விரல்கள் மணி பிடிக்காமல் சாவியாகி இருந்தன. குலை நோய். அந்தப் பக்கத்துக் கதிரை விதைக்கு எடுக்க வேண்டாம் என்றேன். "அது தெரியும் சாமி, நல்ல கதிருக்கு அப்பவே துணி கட்டிட்டேன். எந்த மூலையில இருந்து வந்துதுன்னு பாக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்" என்று மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார், நானும் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.