முதல் பக்கம் மட்டும் சுருதி சேராத கதை

கீபோர்டுதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ எல்பி தட்டை ஓடவிட்டு, அதிலுள்ள ‘ஸோ வாட்’ பாட்டின் கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். டி சுரத்தில் தொடங்கும் டோரியன் ஸ்கேலில் அமைந்த பாட்டு. நடுவில் கொஞ்ச நேரம் அரைச்சுரம் ஏறி இறங்குவதை விட்டால் வெள்ளைக் கட்டைகளே போதும், என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கும் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒட்டவே இல்லை. என் டி கீழே நிற்கிறது, ரெக்கார்டின் டி கொஞ்சம் மேலே நிற்கிறது, சரி என்று அடுத்த கட்டையான ஈ ஃப்ளாட்டை அழுத்தினால் அது இன்னும் மேலே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறார் மைல்ஸ்.

வெறுத்துப்போய்த் தட்டைத் திருப்பிப் போட்டேன். ‘ஆல் ப்ளூஸ்’. கச்சிதமாகச் சேர்ந்தது. அதே கீபோர்டு, அதே டர்ன்டேபிள், அதே தட்டு, பக்கம் மட்டும் வேறு.

ஜாஸ் ரெக்கார்டுகளை நாற்பது வருஷமாகச் சேர்க்கும் ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன் போட்டுச் சொன்னதும் சிரித்தார். “தம்பி, உன்னோடது 1992-க்கு முந்தைய பிரஸ்ஸிங்கா?” என்றார், அதாவது அதற்கு முன் ஆலையில் அழுத்திய தட்டா என்று. ஆமாம்.

விஷயம் இதுதான். அந்த ஆல்பத்தை கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் தன் 30-ஆவது தெரு ஸ்டூடியோவில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாளில் பதிவு செய்தது. மார்ச் 2 அன்று ஓடிய டேப் மெஷின்களில் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் எல்லாம் வேகமாகவும் உச்சமாகவும் கேட்கும் இல்லையா, அந்த டேப்பிலிருந்துதான் தட்டு வெட்டினார்கள். அன்றைக்குப் பதிவான மூன்று பாட்டும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அரைச்சுரத்தில் ஏறக்குறைய பாதி தூக்கல். பக்கத்திலேயே ஓடிய இன்னொரு மெஷினின் டேப் சரியான வேகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது, அதை எடுத்துச் சரிசெய்து வெளியிட்டது 1992-இல். முப்பத்து மூன்று வருஷம் உலகமே தூக்கலான ‘ஸோ வாட்’டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, எத்தனை பேர் கிடாரைத் திருகியிருப்பார்களோ!

ஒலிப்பதிவு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காகிராபி என்றால் தேதி, ஸ்டூடியோ, யார் என்ன வாசித்தார், மேட்ரிக்ஸ் எண் (பதிவுக்குத் தரும் அடையாள எண்), எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது) என்று நீளும் வறட்டுப் பட்டியல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு பித்து பிடித்துவிட்டது. என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆல்பத்தின் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ வரும்போதெல்லாம் பியானோவில் பில் எவன்ஸ் இங்கே மட்டும் எவ்வளவு குஷியாக வாசிக்கிறார் என்று பல வருஷம் வியந்திருக்கிறேன். அது எவன்ஸே இல்லை, வின்டன் கெல்லி. அப்போது மைல்ஸின் குழுவில் நிரந்தரப் பியானோக்காரர் கெல்லிதான், இந்த ஆல்பத்துக்காக எவன்ஸைத் திரும்ப அழைத்திருந்தார்கள், அந்த ஒரே ஒரு பாட்டில் மட்டும் கெல்லி. அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. படித்தால்தானே! ஆனால் அட்டையையும் முழுசாக நம்ப முடியாது, முதலில் வந்த பிரதிகளில் ‘ஆல் ப்ளூஸ்’, ‘ஃப்ளெமென்கோ ஸ்கெட்சஸ்’ இரண்டின் பெயரும் இடம் மாறி அச்சாகியிருந்தன.

அடுத்த பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றேன். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டு ஒன்று, முதல் பிரஸ்ஸிங் என்று சொல்லி ஒருவர் விற்றார். லேபிள் பழைய லேபிள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும் அல்லவா, அங்கே சாய்த்துப் பார்த்தால் ஆர்விஜி என்ற முத்திரையும் இருந்தது. ரூடி வான் கெல்டர், அதாவது பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் வரலாற்றில் பாதியைப் பதிவு செய்த மனிதர், தான் வெட்டிய மாஸ்டரில், அதாவது மூலத்தட்டில், போட்ட முத்திரை. துள்ளிக் குதித்தேன். அண்ணன் தட்டை வாங்கி விளக்கடியில் மெதுவாகத் திருப்பினார். “காது எங்கே?” என்றார். எனக்குப் புரியவில்லை. ப்ளூ நோட்டுக்காக ப்ளாஸ்டிலைட் ஆலையில் அழுத்திய தட்டில் பி என்ற எழுத்தைச் சாய்வாகப் பொறித்திருப்பார்கள், பார்க்க ஒரு சின்னக் காது மாதிரியே இருக்கும். 1966-இல் ப்ளூ நோட்டை லிபர்ட்டி என்ற நிறுவனம் வாங்கிய பிறகு அந்தக் காது காணாமல் போனது. ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள்களை லிபர்ட்டிக்காரர்கள் வீணாக்கவில்லை, புதுத் தட்டுகளில் ஒட்டித் தீர்த்தார்கள். என்னிடம் வந்தது அதில் ஒன்று. பாட்டு நன்றாகவே கேட்கிறது, அதில் குறையில்லை, ஆனாலும் எடுக்கும்போதெல்லாம் காது இருக்க வேண்டிய இடத்தைக் கண் தேடுகிறது.

இப்போது எங்கள் இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘கோ கோ’, 1945 நவம்பர் 26, சவாய் நிறுவனத்துக்காகப் பதிவானது. பியானோவில் யார்? பட் பவல் வர வேண்டியது, வரவில்லை. அர்கோன் தார்ன்டன் (பின்னாளில் சாதிக் ஹக்கீம்) ஸ்டூடியோவில் இருந்தார். ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியும் இருந்தார், அவருக்கும் பியானோ வரும். லேபிளிலோ ‘ஹென் கேட்ஸ்’ என்று ஒரு பெயர்! ட்ரம்பெட்டுக்கு வந்திருந்தவர் பத்தொன்பது வயது மைல்ஸ், ஆனால் ‘கோ கோ’வின் பேய் வேகத்துக்கு அவர் ஒதுங்கிக்கொள்ள, ட்ரம்பெட்டையும் கில்லஸ்பியே ஊதினார். முதல் டேக்கைக் கேட்டிருக்கிறீர்களா? ‘கோ கோ’வுக்கு அடிப்படையான ‘செரோக்கி’ பாட்டின் மெட்டுக்குள் நுழைந்ததுமே கைதட்டி நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சில நொடிகளுக்காகவே டேக் எண்களை மனப்பாடம் செய்யலாம்.

வெளியான டேக்கில் தொடக்கத்தில் ட்ரம்பெட், பார்க்கரின் சோலோவுக்கு அடியில் பியானோ, அப்புறம் மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் சோலோ, முடிவில் மறுபடி ட்ரம்பெட். கில்லஸ்பி ஒருவரே பியானோவுக்கும் மைக்குக்கும் ஓடினார் என்பது என் கட்சி. ஓட முடியாது, பியானோ ஹக்கீம்தான் என்பது அண்ணன் கட்சி. போன வாரம் நான் ஒரு சோதனை செய்தேன். ரோச்சின் சோலோ தொடங்கியதும் கீபோர்டிலிருந்து எழுந்து அறையின் மறுகோடிக்கு நடந்தேன். சுமார் இருபது வினாடி இருக்கிறது, நிதானமாக நடந்து போய் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளவும் நேரம் மிச்சம். உடனே போன் போட்டேன்.

“திரும்பி வந்தது சரி தம்பி, போனது எப்படி?” என்றார். “அறிமுகம் முடிஞ்ச மறுநொடி பார்க்கர் ஆரம்பிச்சுடறார். அங்கே பியானோ எப்போ உள்ளே வருதுன்னு கேட்டுட்டுச் சொல்லு.”

ஊசியைத் திரும்பத் தொடக்கத்தில் வைத்தேன்.