எல்லா மாடிகளும் ஒரே கோப்பில்: எக்ஸ்கிளிப் வைத்து ஷீட்களைப் பிரித்த அனுபவம்

பிளம்பிங் டிராயிங் வேலைக்கு ஆர்க்கிடெக்ட்டிடமிருந்து வரும் ஆட்டோகேட் (கணினி வரைபட மென்பொருள்) கோப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டில்ட் பார்க்கிங், முதல் மாடி, இரண்டாம் மாடி, மொட்டை மாடி, செக்‌ஷன், எலிவேஷன் எல்லாம் மாடல் ஸ்பேஸ் என்ற ஒரே வரைதளத்தில் வரிசையாக நிற்கும். எனக்குத் தேவை ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு மாடி மட்டும், அதுவும் மங்கலான பின்னணியாக. அதன் மேல்தான் குழாய்களை வரைய வேண்டும்.

இதற்குப் பலரும் செய்வது, அந்தந்த மாடியைக் காப்பி எடுத்து, வேண்டாததை அழித்து, தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது. முதல் முறை வேகமாக முடிந்துவிடும். ஆனால் ஆர்க்கிடெக்ட் ஒரு கழிப்பறைக் கதவை மாற்றி ரிவிஷன் அனுப்பினால், எல்லா மாடிக்கும் திரும்ப அதே வேலை. அண்மையில் முடித்த ஒரு அபார்ட்மென்ட் வேலையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஆர்க்கிடெக்ட் கோப்பை எக்ஸ்ரெஃப்பாக (மூலக் கோப்போடு தொடர்பு அறாத இணைப்பாக) இணைத்து, எக்ஸ்கிளிப் என்ற வெட்டிக் காட்டும் கட்டளை கொண்டு வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வழியிலேயே கடைசிவரை போனேன். இதே வேலை செய்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கிளிப் செய்வதற்கு முன்னால் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். மாடிக்கு ஒரு கோப்பு திறந்து, ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரெஃப்பை இணைத்து, அந்த மாடியின் லிஃப்ட் சுவர் மூலை 0,0 புள்ளியில் வந்து உட்காரும்படி நகர்த்தினேன். எல்லா மாடிக்கும் அதே மூலைதான். இப்படிச் செய்துவிட்டால் ஷாஃப்டில் (குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளியில்) இறங்கும் குழாய் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஒரே ஆயத்தொலைவில் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடலாம். பிறகு எக்ஸ்ரெஃப் லேயர்களின் (வரைபட அடுக்குகளின்) நிறத்தைச் சாம்பலாக்கினேன். விஸ்ரிடெய்ன் என்ற அமைப்பு மாறியின் மதிப்பு 1 ஆக இருந்தால், கோப்பை ரீலோட் செய்தாலும் (புதிதாக ஏற்றினாலும்) நாம் வைத்த நிறம் மாறாது.

அப்புறம் எல்லைக்கோடு. எக்ஸ்கிளிப் கட்டளையில் நேரடியாகச் செவ்வகம் இழுக்கலாம்தான். ஆனால் நான் முதலில் ஒரு பாலிலைன் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) வரைந்து, அதைப் பிரிண்ட் ஆகாத தனி லேயரில் வைத்தேன். பிறகு எக்ஸ்கிளிப்பின் சுருக்கமான எக்ஸ்சி என்று தட்டி, எக்ஸ்ரெஃப்பைத் தேர்ந்தெடுத்து, புதிய எல்லை, பாலிலைனைத் தேர்ந்தெடு என்று போனால் முடிந்தது. கிரிட் குமிழ்களும் (கட்டக்கோடுகளின் பெயர் வட்டங்களும்) வெளிப்புற அளவுகளும் உள்ளே வருமளவு இடம் விட்டு வரைய வேண்டும். எல்லை எழுத்தின் நடுவே போனால் எழுத்தையும் பாதியாக வெட்டித்தான் காட்டும். வரைந்த பாலிலைன் பிறகு தொலைந்து போனாலும் கவலையில்லை. எக்ஸ்கிளிப்பிலேயே எல்லையைப் பாலிலைனாக உருவாக்கித் தரும் தேர்வு இருக்கிறது.

முன்பக்க பால்கனி வளைவாக இருந்தது. அங்கேதான் கொஞ்சம் நேரம் போனது. பாலிலைனில் வில் வடிவத் துண்டு இருந்தால், எக்ஸ்கிளிப் அதை நேர்கோடாக்கிவிட்டுத்தான் எல்லையாக எடுத்துக்கொள்ளும். பால்கனியின் வயிற்றுப் பகுதி அப்படியே காணாமல் போனது. வளைவைச் சின்னச் சின்ன நேர்த்துண்டுகளாகப் போட்டு வரைந்ததும் சரியாகிவிட்டது. வட்டத்தையும் எக்ஸ்கிளிப் எல்லையாக ஏற்காது. வட்ட வடிவில் ஒரு டீட்டெயில் வேண்டுமென்றால் பாலிகன் கட்டளையில் நிறையப் பக்கங்கள் கொடுத்து வரைந்துகொள்ளலாம், பார்வைக்கு வட்டம்தான். கழிப்பறைகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ஷீட்டுக்கு நான் எக்ஸ்ரெஃப்பைக் கிளிப் செய்யவே இல்லை. லேஅவுட்டில் (பிரிண்ட் பக்கத்தில்) மாடலைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டையே விபிகிளிப் என்ற கட்டளை கொண்டு வெட்டினேன், அதற்கு வட்டத்தைக்கூடக் கொடுக்கலாம். ஒரே ஷீட்டின் தேவைக்காக மாடல் ஸ்பேஸில் இன்னொரு எக்ஸ்ரெஃப் காப்பி வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனாலும் காப்பி வைக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஸ்டில்ட் தளத்தையும் மொட்டை மாடியையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் ஷீட் அது. அதே எக்ஸ்ரெஃப்பைக் காப்பி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு எல்லை கொடுத்தேன். கிளிப் என்பது கோப்புக்கு அல்ல, நாம் வைத்த அந்த ஒரு பிரதிக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதால் இது சாத்தியம். ரீலோட் செய்தால் இரண்டும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும், எல்லைகள் அப்படியே இருக்கும்.

அடுத்தது சட்டக்கோடு. சோதனைப் பிரிண்டில் பிளானைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. இதற்கு எக்ஸ்கிளிப்ஃபிரேம் என்ற மாறி இருக்கிறது. 0 என்றால் திரையிலும் தெரியாது, பிரிண்டிலும் வராது. 1 என்றால் இரண்டிலும் வரும். 2 என்றால் திரையில் மட்டும். அதை 2 என்று வைத்தும் கோடு போகவில்லை. காரணம், அலுவலக டெம்ப்ளேட்டில் ஃபிரேம் என்ற பொது மாறி 1 ஆக இருந்தது. படம், பிடிஎஃப், எக்ஸ்ரெஃப் எல்லாவற்றின் சட்டத்தையும் அது ஒரேயடியாகக் கட்டுப்படுத்தும். அதை 2 என்று மாற்றியதும் கட்டம் பிரிண்டிலிருந்து போய்விட்டது. திரையில் தெரியும் அந்தக் கோடு தனிப் பொருள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து அழித்தால் எக்ஸ்ரெஃப்பே போய்விடும். கிளிப்பை நீக்க எக்ஸ்கிளிப்பில் டெலிட் தேர்வு உண்டு, தற்காலிகமாக முழுதும் பார்க்க ஆஃப் போதும்.

முதல் ஷீட்டில் சைட்டின் செயற்கைக்கோள் படமும் எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) ஸ்கெட்ச்சின் பிடிஎஃப்பும் வர வேண்டியிருந்தது. இங்கே முறை ஒன்றுதான்: முதலில் அளவு, பிறகு கிளிப். எஃப்எம்பியில் ஒரு எல்லைக்கோட்டின் நீளம் எழுதியிருக்கும். அந்த நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அலைன் கட்டளையில் இரண்டு முனைகளையும் பொருத்தி, ஸ்கேல் செய்யவா என்ற கேள்விக்கு ஆம் என்றால் ஸ்கெட்ச் சரியான அளவுக்கு வந்துவிடும். முதலிலேயே கிளிப் செய்திருந்தால், பிடிக்க வேண்டிய முனை எல்லைக்கு வெளியே மறைந்திருக்கும். செயற்கைக்கோள் படத்தையும் தெருமுனையை வைத்து இப்படியே பொருத்தினேன். இமேஜ்கிளிப், பிடிஎஃப்கிளிப் என்று தனிக் கட்டளைகள் உண்டு. ஆட்டோகேட் 2010 முதல் கிளிப் என்ற ஒரே கட்டளை எல்லாவற்றுக்கும் போதும். எல்லையில் வரும் அம்புக்குறியைச் சொடுக்கினால், உள்ளே இருப்பது மறைந்து, வெளியே இருப்பது தெரியும். படத்தின் சட்டத்தை 0 ஆக்கினால் பழைய பதிப்புகளில் படத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதால் நான் எப்போதும் 2 தான் வைக்கிறேன்.

இரண்டாவது ரிவிஷன் வந்தபோது இந்த முறையின் பலனும் தெரிந்தது, பலவீனமும் தெரிந்தது. எல்லா மாடியிலும் கதவு மாற்றம் ரீலோட் செய்ததும் வந்துவிட்டது. மொட்டை மாடி ஷீட்டில் மட்டும் பாதி பிளானும் பாதி செக்‌ஷனும் தெரிந்தன. ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று மொட்டை மாடியை வலப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். கிளிப் எல்லை பழைய இடத்தையேதான் காட்டும், பிளானைத் தேடிக்கொண்டு போகாது. போனில் பேசினேன். இனிமேல் எந்த மாடியையும் நகர்த்துவதில்லை, புதிதாக வருவதை ஓரத்தில் சேர்ப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். வேலை தொடங்கும்போதே இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, கோப்பு அனுப்புவது. கிளிப் எதையும் அழிப்பதில்லை, மறைக்க மட்டும்தான் செய்கிறது. பைண்ட் செய்தால் (கோப்புக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்தால்) எக்ஸ்ரெஃப் பிளாக்காக, அதாவது ஒரே தொகுப்புப் பொருளாக மாறும், கிளிப்பும் கூடவே இருக்கும். ஆனால் யாராவது அதை எக்ஸ்ப்ளோட் செய்தால் (தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தால்) மறைந்திருந்த எலிவேஷன், செக்‌ஷன் எல்லாம் வெளியே வந்துவிடும். செயற்கைக்கோள் படமும் அப்படித்தான், மூலையளவு காட்டினாலும் முழுப் படக் கோப்பும் கூடவே போகும், எடையும் குறையாது. அதனால் படத்தை மட்டும் ஒரு இமேஜ் எடிட்டரில் நிஜமாகவே வெட்டி மறுபடி இணைத்தேன். கான்ட்ராக்டருக்கு பிடிஎஃப் மட்டும் போனது. அவர் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் மூலக் கோப்பு) கேட்டபோது, ஆர்க்கிடெக்ட்டிடம் அனுமதி வாங்கி, பைண்ட் செய்த காப்பியில் எல்லைக்கு வெளியே இருந்ததை அழித்துவிட்டு, பர்ஜ் செய்து (பயன்படாத மிச்சங்களை நீக்கி) அனுப்பினேன்.