கார்த்திகை மழைக் குறிப்புகள், சிதம்பரம், 2020

நவம்பர் 22, ஞாயிறு

அரபிக் கடலில் உருவான புயல் இன்று சோமாலியாவில் கரையேறியிருக்கிறது. இந்தியா கொடுத்த பெயர் ‘கதி’. வேகம் என்ற பொருளில் வைத்தார்கள், தமிழ்க் காதுக்கு வேறொன்றும் ஒலிக்கிறது. நம் பக்கம், வங்கக் கடலின் தென்மேற்கில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதாம்.

நவம்பர் 24, செவ்வாய்

அது புயலாகிவிட்டது. ஈரான் வைத்த பெயர், நிவர். 2018இல் கஜா வேதாரண்யத்துத் தென்னைகளைச் சாய்த்ததைக் கண்டவர்கள் என்பதால், எங்கள் தெருவில் மெழுகுவத்தியும் பாலும் மாலைக்குள் தீர்ந்துவிட்டன. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நவம்பர் 26, வியாழன்

நள்ளிரவை ஒட்டி நிவர், மரக்காணம் அருகே மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகக் காற்றுடன் கரையைக் கடந்தது. மையம் எங்களுக்கு வடக்கே போனதால், இங்கே வீசியது பெரும்பாலும் நிலத்துக் காற்றே. ஒரு முருங்கை முறிந்ததோடு சரி. சென்னையில் 2015 வெள்ளத்தை நினைத்து எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியின் 24 அடியில் நீர் 22 அடியைத் தொட்டதுமே நேற்று நண்பகலில் மதகைத் திறந்துவிட்டார்கள்.

நவம்பர் 29, ஞாயிறு

தீபம். அகல்கள் அணையாமல் எரிந்தன. அந்தமான் பக்கம் அடுத்த தாழ்வு.

டிசம்பர் 3, வியாழன்

மாலத்தீவு பெயரிட்ட புரெவி நேற்றிரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்திருக்கிறது. காற்று 80, 90 கி.மீ. தான் என்பதால் இம்முறை யாரும் பால் வாங்கி வைக்கவில்லை, நானும்தான்.

டிசம்பர் 4, வெள்ளி

புயல் வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வாகி, இராமநாதபுரத்துக்கு அருகே கடலில் அசையாமல் நின்றுவிட்டது. நகர்ந்திருந்தால் மழையும் கூடவே நகர்ந்திருக்கும்; நின்றதால், அதன் வடகிழக்கில் இருக்கும் எங்கள் கரை மீது வங்கக் கடலின் ஈரக்காற்று ஓயாமல் வந்து மோதி, கொட்டித் தீர்த்தது. காலை வரையிலான ஒரு நாள் கணக்கில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராசர் கோயில் பிரகாரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையின் இரண்டாம் படியும் மூழ்கிவிட்டது. வலுவிழந்தது என்று செய்தியில் கேட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போனவன் நான். வலு என்று அவர்கள் அளப்பது காற்றைத்தான், மழையை அல்ல என்பது விடிந்து பாயை நனைத்த பிறகே உறைத்தது.

டிசம்பர் 6, ஞாயிறு

தம்பியின் மூன்று மா நிலத்துச் சம்பா நெல்லும் நீருக்குள் கிடக்கிறது. வாய்க்காலே கரை தளும்ப ஓடுவதால் வயலை வெட்டிவிட்டும் வடியவில்லை. நாளைக்குள் பயிரின் தலை தெரிந்தால் உரம் போட்டுத் தேற்றிவிடலாம் என்கிறான். வரப்பில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கோடு கிழித்துவிட்டு வந்தோம்.