கர்தெராதோஸில் ஓர் அறை

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் எட்டு அறைகள் இருந்தன. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு அவற்றை நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விட்டுத்தான் என் பெற்றோர் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். அந்தப் பழக்கத்தால் எந்த விடுதி அறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்பேன். அடுத்ததாகக் கதவுக்குப் பின்னால் என்னென்ன எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று படிப்பேன். 2025 செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் ஐந்து இரவுகள் தங்கியபோதும் இதைத்தான் செய்தேன். கடலைப் பார்க்கும் முன்பே குழாயைப் பார்த்தவள் அந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

சாந்தோரினி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, செங்குத்தான பாறை விளிம்பில் வெள்ளை வீடுகளும் நீலக் குவிமாடங்களும் தொங்குகிற அந்தப் படம்தான். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் நடுப்பகுதி உள்வாங்கிக் கடல் புகுந்த பெரும்பள்ளத்தை அங்கே கால்டெரா என்கிறார்கள். அதைப் பார்த்தபடி இருக்கும் அறைகளுக்குத் தனி விலை. எழுத்தில் ‘ஓயா’ என்று இருந்தாலும் உள்ளூரார் ‘ஈயா’ என்றே சொல்லும் வடமுனை ஊரில், நாங்கள் தங்கிய அறையின் வாடகையைப் போல நான்கு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க வாடகை தர வேண்டியதில்லை. தலைநகர் ஃபிராவின் விளிம்புப் பாதையில் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஆகவே ஃபிராவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கர்தெராதோஸ் என்ற கிராமத்தில், ஆறே அறைகள் கொண்ட ஒரு குடும்ப விடுதியைப் பிடித்தோம். தீவின் எல்லாப் பேருந்துகளும் ஃபிராவிலிருந்தே புறப்படுவதால் அங்கிருந்து எங்கும் போகலாம். பேருந்தில் நடத்துநர் வந்து காசு வாங்கிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்ததைப் பார்த்து, ஆரணி வண்டியில் ஏறிவிட்டதைப் போல எனக்கு மனம் நிம்மதியாயிற்று.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் காலையில் ஏறிய பெரிய கப்பல், பாரோஸையும் நக்சோஸையும் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அதினியோஸ் துறையில் எங்களை இறக்கிவிட்டது. அங்கே விடுதிக்காரர்கள் பெயர் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். காட்பாடி ரயில் நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கும் நோயாளிகளை எதிர்பார்த்து என் தந்தையார் நின்ற அதே நிற்பு. எங்களை அழைத்துப் போக வந்தவர் விடுதியின் உரிமையாளர். என்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண்மணி. மலைச்சுவரில் வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே, எங்கள் அறைக்கு நேற்றுதான் புதிய கொசுவலை போட்டதாகச் சொன்னார்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கர்தெராதோஸின் பழைய வீடுகள் தரைமேல் எழும்பியவையல்ல. ஊருக்கு நடுவே ஓடும் ஓடைப்பள்ளத்தின் கரைகளைக் குடைந்து உள்ளே போனவை. எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் இறுகிய மண் என்பதால் வெட்டுவது எளிது. வெட்டியபின் சரியாமலும் நிற்கும். முன்புறம் ஒரு கதவு, அதன் இரு பக்கமும் இரண்டு சன்னல்கள், கதவுக்கு மேலே இன்னொரு சிறிய சன்னல். வெளிச்சமும் காற்றும் இவ்வளவு வழியாகத்தான். உள்ளே கூண்டு வண்டியின் கூரையைப் போல வளைந்த மேற்கூரை நீண்டுகொண்டே போகிறது. தீவில் மரம் அரிது என்பதால் உத்திரமும் தூலமும் வைக்காமல் வளைத்தே கட்டியிருக்கிறார்கள். அந்த எரிமலை மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் சிமெண்டைப் போல இறுகும். சூயஸ் கால்வாய் வெட்டியபோது கட்டுமானத்துக்காக இங்கிருந்து அதைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போயிருக்கிறார்கள். நண்பகலில் வெளியே சுவர்களின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தபோதும், எங்கள் அறைக்குள் ஏ.சி. போடத் தோன்றவே இல்லை. கத்திரி வெயிலில் வேலூரின் கான்கிரீட் மாடியறைகள் இரவு இரண்டு மணிவரை அனல் கக்குவதை அனுபவித்தவள் என்பதால், அந்தக் குளிர்ச்சியை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் அனுபவித்தேன். குறை என்றால், பின்பக்கத்துப் படுக்கைப் பகுதியில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். குளித்த ஈரம் உலர நேரமாகும்.

குழாய்க்கு வருகிறேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் நடுவில் இருப்பது பொய்த்துவிட்டது. பாலாற்றைப் பற்றியதற்கு மட்டும் இன்னும் பெரும்பாலும் மறுப்புச் சொல்ல முடிவதில்லை. சாந்தோரினியிலோ தண்ணீர் இல்லாத ஆறுகூடக் கிடையாது. முன்காலத்தில் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த மழையை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து ஆண்டு முழுவதும் ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் விடுதி முற்றத்திலும் மூடி போட்ட அப்படியொரு தொட்டி இருந்தது. இப்போது வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், எனவே குடிக்கக் கடையில் பாட்டில் வாங்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளின் முதல் வரியே ‘தண்ணீரை வீணாக்காதீர்கள்’ என்பதுதான். வேலூரில் எங்கள் மாடியில் அம்மா வங்காள மொழியில் எழுதச் சொல்லி ஒட்டிய தாளின் முதல் வரியும் அதுவே.

இரண்டாவது விதி, கழிப்பறையில் காகிதத்தைப் போடக்கூடாது. பக்கத்திலிருக்கும் மூடி போட்ட கூடையில்தான் போட வேண்டும். கழிவுக் குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். கிரேக்க நாட்டின் பல இடங்களில் இதுவே நடைமுறை. முதன்முறை போகிற நம்மவர்களுக்கு இது சங்கடமாக இருக்கலாம். நாங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போயிருந்ததால், கைப்பீச்சுக் குழாய் இல்லாத குறையும் தெரியவில்லை, கூடையும் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. (அந்த மக் எதற்கென்று உரிமையாளர் கேட்டதும் என் கணவர் வெளியே போய்விட்டார், நான்தான் விளக்கினேன். அவர் சற்று யோசித்து, எல்லா விருந்தினரும் இப்படிச் செய்தால் பிளம்பருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும் என்றார்.) இதில் வேடிக்கை என்னவென்றால், தீவின் தென்கோடியில் அக்ரோதிரி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன வெண்கலக் கால நகரத்தை 1967 முதல் தோண்டி எடுத்து வருகிறார்கள், அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் கழிப்பறையும், அதிலிருந்து சுவர் வழியாக இறங்கித் தெருவுக்கு அடியிலிருக்கும் சாக்கடையில் சேரும் குழாயும் இருக்கின்றன. வழிகாட்டி மற்றவர்களைச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசி அழைத்துப் போக, நான் அந்தக் குழாயின் முன்பே வெகுநேரம் நின்றிருந்தேன்.

போன உடனே உரிமையாளர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி விவரங்களைக் குறித்துக்கொண்டார். இதையும் சொல்லியாக வேண்டும். வங்கதேசத்துக்காரர்கள் வந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து, வெளிநாட்டவர் தங்குவதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் ‘சி’ படிவத்தை நிரப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் வேலையாக இருந்தது. உடல்நலமில்லாத கணவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை நான் திருப்பித் தரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களின் முகம் அப்போது எனக்குப் புரிந்ததில்லை. கர்தெராதோஸில், எங்கள் இரண்டு நீலப் புத்தகங்களும் அந்த மேசைமேல் இருந்த ஐந்து நிமிடமும் நானும் அப்படித்தான் நின்றேன். அறை வாடகையை இணையத்தில் முன்பே கட்டிவிட்டாலும், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்கான ஒரு கட்டணத்தைத் தனியாகத் தர வேண்டும். வெள்ளம், காட்டுத்தீ போன்ற பேரிடர்களுக்கென்று 2024 முதல் இதை வாங்குகிறார்கள். கோடைக்காலத்தில் கூடுதல், விடுதியின் தரத்துக்கேற்ப வேறுபடும். முன்பதிவுப் பக்கத்தில் இது சிறிய எழுத்தில்தான் இருக்கும் என்பதால் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

அறையில் இரண்டு மின்னடுப்புகளும் ஒரு சிறிய குளிர்பெட்டியும் இருந்தன. தாளின் நான்காவது விதி ‘மீன் வறுக்க வேண்டாம்’ என்பது. எங்கள் மாடியிலும் அதே தடை உண்டு. கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை படிக்கட்டில் இறங்கி வராத நாளே கிடையாது, அப்பா கத்தாத நாளும் கிடையாது. நாங்கள் சைவம் என்பதால் விதிக்குள்தான் இருக்கிறோம் என்ற துணிச்சலில், இரண்டாம் நாள் கடுகும் பெருங்காயமும் தாளித்தேன். ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. உரிமையாளரும் அவருடைய தாயாரும் நின்றிருந்தார்கள். ஏதாவது மருந்து கொட்டிவிட்டதா என்று கேட்டார்கள். நான் ‘இல்லை’ என்று தலையசைக்க, அதை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ தெரியவில்லை. அங்கே ‘நே’ என்றால் ஆமாம். முகவாயைச் சற்று மேலே தூக்கினால் இல்லை. நம்முடைய தலையாட்டலுக்கு அங்கே இடமே இல்லை. கடைசியில் சோற்றில் பிசைந்த புளிக்காய்ச்சலை ஒரு கரண்டி கொடுத்துத்தான் விளக்க முடிந்தது.

மறுநாள் அந்தப் பாட்டி ஒரு பையில் நான்கு கத்தரிக்காய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பால் வெள்ளை நிறம், உருண்டை. சாந்தோரினிக்கே உரிய வகை. விதை குறைவு, கசப்பில்லை, எண்ணெயை அதிகம் குடிப்பதில்லை. கோடையில் மழை பெய்யாத நுரைக்கல் மண்ணில் இரவுப் பனியையும் கடலின் ஈரத்தையும் உறிஞ்சி வளர்வதால் அந்தச் சுவை என்றார். திராட்சைக் கொடிகளையும் பந்தலில் ஏற்றாமல், காற்றுக்குத் தப்பிக்கத் தரையோடு கூடையைப் போலச் சுருட்டி வளர்க்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயைப் பற்றி, இலவம்பாடியிலிருந்து சந்தைக்கு வரும் அதன் காம்பு முள் கையில் குத்துவதைப் பற்றி நானும் பெருமையாகச் சொன்னேன். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து கொடுத்தேன். காரம் தாங்காமல் பாட்டி அரை ரொட்டியைத் தின்றார். பதிலுக்கு அவர்கள் கொடுத்த ‘ஃபாவா’ எனக்கு இன்னும் நாவில் நிற்கிறது: மஞ்சள் பருப்பை மசித்து, பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டது. துவரம்பருப்பைக் கடைந்ததைப் போல இருந்தாலும், அது நம்முடைய கேசரிப் பருப்புக்கு உறவான செடி.

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, மகள்தான் மொழிபெயர்த்தார். 1956 ஜூலை 9ஆம் நாள் அதிகாலை நிலநடுக்கத்தில் தீவு குலுங்கியபோது பாட்டிக்கு எட்டு வயது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; வீடிழந்தவர்களில் பலர் ஏதென்ஸுக்குப் போய்த் திரும்பவே இல்லை. நாங்கள் படுத்திருந்த அறை அப்போது அவர்கள் குடும்பத்தின் வீடு; முன்சுவர் விழுந்தது, குடைந்த பகுதி நின்றது. 2025 பிப்ரவரியில் மறுபடி நாள்தோறும் நிலம் அதிர்ந்து பல்லாயிரம் பேர் கப்பலேறியபோது, மகள் எவ்வளவு கெஞ்சியும் பாட்டி அறையைப் பூட்ட விடவில்லையாம். கடைசியில் மகள் மட்டும் மூன்று வாரம் ஏதென்ஸில் இருந்துவிட்டு வந்தார். அந்தப் பருவத்தின் முன்பதிவுகளில் பாதி அந்த மூன்று வாரத்திலேயே ரத்தாகிவிட்டதாகச் சொன்னார். ஆறு அறைகளில் இரண்டு பூட்டியே கிடந்ததை நானும் கவனித்திருந்தேன். எட்டு அறைகளில் மூன்று காலியாக இருந்தால் அம்மா இரவில் எத்தனை முறை படியேறி இறங்குவார் என்பது எனக்குத் தெரியும்.

ஈயாவின் சூரிய அஸ்தமனத்தையும் பார்த்தோம். கூட்டத்தில் முன்னால் இருந்தவரின் தொலைபேசித் திரையில்தான் அதிகம் பார்த்தோம்.

கடைசி இரவு அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். எண்பதைத் தாண்டிய அவர், மாடியறைகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டாலும் சாவிக்கொத்தை இன்னும் இடுப்பிலேயே வைத்திருக்கிறார். வளைந்த கூரையையும் வெள்ளைச் சுவரையும் காட்டினேன், நன்றாயிருக்கிறது என்றார். முற்றத்துக்கு வந்து, தூரத்தில் தெரிந்த கடலைக் காட்டினேன், ‘ம்’ என்றார். பிறகு, “அது இருக்கட்டும்டி, தண்ணி எப்படி மேல ஏத்தறாங்க? மோட்டார் எங்க வச்சிருக்காங்க?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த உரிமையாளரிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியிலிருந்த சிறிய மரக்கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உள்ளே குனிந்தார்.